உவர் ஏரி கற்றுக்கொண்ட குரல்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ராஜாக்கள் இருந்த காலம். அந்தச் சீமையை ஆண்ட ராஜாவின் பேர் எனக்கு மறந்து போச்சு. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. அவருக்குக் குதிரை பழக்கிக் கொடுத்த செங்கோடன் பேர்தான் நமக்கு வேண்டும்.

செங்கோடன் மகா கெட்டிக்காரன். எப்பேர்ப்பட்ட முரட்டுக் குட்டியையும் வண்டியில் பூட்டி ஓட்டிவிடுவான். "நான் பழக்கின குதிரை மாட்டேன்னு நின்னதா சரித்திரமே கிடையாது" என்று மீசையை முறுக்குவான். அவன் சொன்னது நிஜம்தான். அந்த நிஜம்தான் அவன் தலையில் வந்து விடிந்தது.

ராணிக்குப் புது வண்டி ஒன்று செய்தார்கள். அதை இழுக்கச் செங்கோடனிடம் ஒரு சிவப்புக் குட்டி வந்தது. நெற்றியில் வெள்ளைப் புள்ளி இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பேர். மாசித் தேரோட்டம் வருவதற்குள் அது வண்டி இழுக்க வேண்டும். இது அரண்மனை உத்தரவு.

குட்டியைப் பழக்க நல்ல சமதரை வேண்டும், குறுக்கே ஆள் நடமாட்டம் கூடாது. அப்படி ஓர் இடம் ஊருக்கு மேற்கே இருந்தது, உவர் ஏரிக் கரை. ஏரியில் தண்ணீர் வற்றி, மேலே உப்பு வெள்ளை வெளேரென்று ஏடு கட்டியிருக்கும். ஏட்டுக்குக் கீழே ஆழம் தெரியாத சேறு. ஆடு இறங்கினாலும் அதோடு சரி, ஆள் இறங்கினாலும் அதோடு சரி.

அந்தக் கரையில் ஊர்க்காரர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மாட்டை அதட்ட மாட்டார்கள், பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஏரி கேட்டுக்கொண்டிருக்கிறது என்பார்கள்.

செங்கோடன் சிரித்தான். "ஏரிக்கு ஏதுடா காது?" என்றான். சுட்டியை அங்கேயே கொண்டுபோனான்.

முதலில் கட்டை இழுக்க வைத்தான். குட்டியின் பின்னால் நீள வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தபடி, "போ! வா! நில்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வண்டிக் குதிரைக்கு ஓட்டுபவன் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அதனால் குரலைப் பழக்குவதுதான் பாதி வேலை.

ஏரி ஓரமாகப் பாதை வளைகிற இடத்தில் சுட்டி நின்றுவிட்டது. காது இரண்டையும் ஏரிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நடுங்கியது. செங்கோடன் என்ன ஏது என்று பார்க்கவில்லை. சாட்டையை எடுத்தான். குட்டி நடந்தது.

அன்றைக்கு அவன் "போ" என்றதும், சற்றுப் பொறுத்து ஏரியிலிருந்தும் "போ" என்று கேட்டது.

"எதிரொலி" என்றான் செங்கோடன்.

பிறகு வெறும் வண்டியில் பூட்டினான். அதே வளைவில் சுட்டி மறுபடி நின்றது. பக்கவாட்டில் பார்க்க முடியாதபடி அதற்குக் கண்பட்டை கட்டினான். குட்டி நடந்தது. அன்றைக்கு அவன் குரலும் ஏரியின் குரலும் ஒன்றாகவே வந்தன.

அவனுக்குச் சோறு கொண்டுவந்த மகள் பொன்னாத்தா அதைக் கேட்டுவிட்டாள். தாயில்லாப் பெண், வாயுள்ள பெண். தையில் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது.

"அய்யா, எதிரொலி வரணும்னா மலை வேணும். இங்க மலை எங்க இருக்குது?" என்றாள்.

"வந்த வேலையைப் பாரு கண்ணு" என்றான் அவன்.

இன்னொரு தரமும் குட்டி நின்றது. இந்த முறை செங்கோடன் அதற்கு ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் காட்டவில்லை. பாவம், வாயில்லா ஜீவன். நாக்கு வறண்டு தலை தொங்கிப்போச்சு. அதற்கப்புறம் அது நிற்கவே இல்லை. குரல் போ என்றால் போகும், வா என்றால் வரும். செங்கோடனுக்கு வாயெல்லாம் பல்.

மிச்சம் ஒரே ஒரு வேலை. ராணி ஏறுகிற வண்டி அல்லவா? பெண்பிள்ளை ஏறி உட்காருவதும், கொலுசுச் சத்தமும், சேலை படபடப்பதும் குதிரைக்குப் பழக வேண்டும். அதற்காகப் பொன்னாத்தாளை வண்டியில் உட்கார வைத்தான். அவளுக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் அப்பன் வார்த்தையைத் தட்டவில்லை.

உச்சி வெயில். காக்கை குருவிகூட இல்லை. உப்பின் பளபளப்பில் கண் கூசியது. செங்கோடன் வாரைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றான். வாயைத் திறக்கப் போனான்.

அவன் திறப்பதற்குள் "போ" என்றது அவன் குரல்.

சுட்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. வார் அவன் கையை அறுத்துக்கொண்டு போனது. வண்டி பாதையை விட்டு இறங்கி ஏரியைப் பார்த்து ஓடியது.

"நில்!" என்று அலறினான் செங்கோடன்.

"போ" என்றது ஏரி.

"நில்! நில்லு!"

"போ. போ."

இரண்டும் ஒரே குரல். குட்டி எதைக் கேட்கும்? என் மகள் போச்சே, என் கண்ணு போச்சே என்று ஓடினான். மகளுக்காக ஓடுகிறவனுக்கு எங்கிருந்துதான் கால் வருமோ, குறுக்கே புகுந்து குதிரைக்கு முன்னால் போய் விழுந்தான். உப்பு ஏடு உடைந்தது. இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டான்.

எதிரே ஆள் விழவும் சுட்டி திகைத்துத் தடுமாறியது. அந்தக் கணத்தில் பொன்னாத்தா குதித்திறங்கிக் கடிவாளத்தைப் பிடித்துவிட்டாள். கண்பட்டையைப் பிய்த்து எறிந்தாள். குட்டியைக் கெட்டித் தரைக்குத் திருப்பி, வாரை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு அப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

சேற்றுக்கு மேலே இரண்டு தலை தெரிந்தது.

இரண்டிலும் அதே தலைப்பாகை, அதே மீசை. இரண்டும் அவளைத்தான் பார்த்தன.

"வா" என்றது ஒன்று.

"வா கண்ணு, வா!" என்று கதறியது இன்னொன்று. சொல்லிவிட்டுப் பக்கத்தில் பார்த்தது. தன் முகத்தைத் தானே பார்த்தது.

"கண்ணு, வா" என்றது முதல் தலை. கேட்ட மாத்திரத்தில் அதையும் கற்றுக்கொண்டது.

பொன்னாத்தா அழுதுகொண்டே ஓர் அடி எடுத்து வைத்தாள். காலடியில் ஏடு நொறுங்கியது. செங்கோடன் மார்பு வரை முழுகியிருந்தான். கூப்பிட்டால் அவள் வருவாள் என்று அவனுக்குத் தெரியும். வந்தால் இருவரும் போவார்கள் என்றும் தெரியும்.

"வராதே!" என்று கத்தினான். "என் பேச்சைக் கேட்காதே தாயே! நான் எப்படிக் கூப்பிட்டாலும் வராதே! திரும்பிப் போயிரு!"

பக்கத்துத் தலை வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. காதில் விழுந்த சொல்தான், ஆனாலும் அதற்கு அது வரவில்லை. யாரையும் வராதே என்று சொல்ல அந்த ஏரிக்கு மனமில்லை.

பொன்னாத்தாளுக்கு அப்பன் எது என்று தெரிந்துபோச்சு. நின்ற இடத்திலிருந்தே நீள வாரை அந்தத் தலையிடம் வீசினாள். மறுமுனையை வண்டியில் முடிந்தாள். சுட்டியின் முகத்துக்கு நேரே போய் நின்று, அதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, தான் பின்னால் அடி வைத்து அடி வைத்து அதை அழைத்தாள். வாய் திறக்கவே இல்லை. குட்டி அவள் கண்ணைப் பார்த்து நடந்தது.

செங்கோடன் கரைக்கு வந்து விழுந்தான். கையிலிருந்த வாரை விட்டான்.

வார் தொய்யவில்லை. விறைத்தபடியே இருந்தது. அதன் நுனி இன்னும் சேற்றுக்குள் இருந்தது. வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. பொன்னாத்தா ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். வார், யாரோ கைமாற்றிக் கைமாற்றி இழுப்பது போல், விட்டு விட்டு ஊர்ந்து போய் ஏட்டுக்கு அடியில் மறைந்தது.

தேருக்குச் சுட்டிதான் ராணியின் வண்டியை இழுத்தது. வழியில் ஒரு பாலத்தின் முன்னால் அது நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. செங்கோடன் சாட்டையைத் தொடவில்லை. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். பாலத்தின் நடுக்கல் பிளந்திருந்தது.

கேட்டீர்களா? பிறர் "மாட்டேன்" என்று நிற்பதை அடித்து ஒடுக்குகிறவன், அவர்களை எதிரியின் குரலுக்கும் சேர்த்தே பழக்குகிறான்.