தார் விட்டுக்கொடுக்காது

"நாலு வீலும் இழுத்தா வழுக்காது, இல்லியா ஆசானே?"

எமல்டா பட்டறைக்கு வந்ததும் கேட்டது இதைத்தான். வண்டி ஓடுமா என்றுகூடக் கேட்கவில்லை.

ஆசான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தாள்.

"முதல்ல வண்டி எங்க?"

"மேல, தோட்டத்துல. ரப்பர் ஷீட் காயப்போடுற புகைப்புரைக்குப் பின்னால நிக்கு."

"ஓடுமா?"

"அதுக்குள்ள செடி முளைச்சிருக்கு."

மலையடிவாரத்தில் டீசல் வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவள் அஜிதா. அவளுடைய அப்பாவைத்தான் ஊர் முதலில் ஆசான் என்று கூப்பிட்டது. அவர் கட்டிலோடு ஆன பிறகு ஸ்பேனர் மகள் கைக்கு வந்தது. பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆசாத்தி என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள் சிலர். அது நாக்கில் நிற்கவில்லை.

அவள் எமல்டாவைவிட நான்கு வயது இளையவள். அதனால் கற்க வந்தவள் "ஆசானே" என்றாள். கற்றுக்கொடுத்தவள் "அக்கா" என்றாள். இரண்டு பேருக்கும் அதில் குறையில்லை.

எமல்டா கடற்கரையில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன் அண்ணனுடைய மீன் வண்டியை ஓட்டியிருக்கிறாள். அங்கே பாதை என்றால் நேராகக் கிடக்கும். கணவன் ராபின்சன் ரப்பர் பால் வெட்டும் தோட்டமோ மலைமேல் இருந்தது. அங்கிருந்து தார் ரோடு வரைக்கும் வெறும் செம்மண் பாதை. மழை வந்தால் அது பாதை இல்லை.

போன மழைக்காலத்தில் மகள் ஜெனிக்கு மூச்சிரைப்பு வந்தது. ஐந்து வயது. வாடகைக்கு எடுத்த வண்டி பாதிவழியில் சேற்றில் நின்று, பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கிடந்தது. பால்வெட்டுகிறவர்கள் மாறி மாறிப் பிள்ளையைத் தோளில் தூக்கித் தார் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகு மேகம் கறுத்தால் எமல்டா வானத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையின் நெஞ்சுக்கூட்டைத்தான் பார்ப்பாள்.

பழைய பிக்கப்பை இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று தோட்ட மேனேஜர் கொடுத்துவிட்டார்.

"பண்ணித்தாரேன்," என்றாள் ஆசான். "ஆனா நட்டு நீங்கதான் கழட்டணும்."

"நானா? எதுக்கு?"

"மேல வச்சு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கூப்பிடவா போறிய? அங்க டவரே கிடையாது."

வண்டியைக் கட்டி இழுத்துவந்த அன்று எமல்டா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஏர் ஃபில்டருக்குள் குளவிக்கூடு இருந்தது. டேங்கைக் கழற்றிச் சரித்தபோது துருவும் தண்ணீருமாக ஏதோ கொட்டியது. டீசல் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கழுவி, டீசல் பீய்ச்சும் நாசிலை மாற்றி, புது டீசல் ஊற்றிய பிறகும் இன்ஜின் முக்கியதே தவிர எழும்பவில்லை.

"ஏர் பிடிச்சிருக்கு," என்றாள் ஆசான். "குழாயில காத்து நிக்குது. அந்த நட்டை லேசாத் தளத்திட்டு, கைபம்பை அடிங்க. நுரை வரும். நுரை நின்னு டீசல் மட்டும் வந்ததும் முறுக்குங்க."

எமல்டா ஒரு கையால் பம்பை அடித்தாள். மறு கையில் போனைக் காதில் வைத்திருந்தாள். பிள்ளையைப் பக்கத்து லயத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"மூச்சு எப்படி இருக்கு? சத்தம் கேக்கா? நெஞ்சுல காதை வச்சுப் பாத்தியளா?"

மலையில் அந்த வீட்டுப் போன் மட்டும் சன்னலோரம் வைத்தால் எடுக்கும்.

"எக்கா," என்றாள் ஆசான். "டீசல் ஒழுகிட்டிருக்கு."

"இந்தா, முறுக்கிட்டேன்."

"போன் ஓடிப்போவாது. நட்டைப் பாருங்க."

அடுத்த முறை சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிற்று. பட்டறை முழுக்கக் கரும்புகை. எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தாணு அண்ணன், கிளாஸ்களைத் துண்டால் மூடினார்.

பிறகு முன்பக்க வேலை. அரிசி ஆலைக்காரரின் உடைந்த ஜீப்பிலிருந்து முன் ஆக்சில் வந்தது. இன்ஜினின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டியும் அதிலிருந்தே வந்தது. முன் ஆக்சிலின் பற்சக்கரமும் பின் ஆக்சிலின் பற்சக்கரமும் பல் கணக்கில் ஒன்றா என்று எமல்டாவையே எண்ணவைத்தாள் ஆசான். வெல்டிங் வைக்கிற இடத்தை மட்டும் தன் கையால் செய்தாள். கியர் பக்கத்தில் சின்னதாக இன்னொரு லெவர் முளைத்தது. முன்னால் தள்ளினால் நாலு வீலும் இழுக்கும். பின்னால் எடுத்தால் பழையபடி பின்வீல் மட்டும்.

தாணு அண்ணன் டீயோடு வந்து குனிந்து பார்த்தார்.

"நாலு வீலும் இழுத்தா வண்டி நாலு பக்கமும்லா போவும்?"

"அதுக்குத்தான் ஸ்டியரிங்கை ஒண்ணோட நிறுத்திட்டோம்," என்றாள் ஆசான்.

அவர் போனதும் எமல்டா மறுபடி கேட்டாள்.

"இனி வழுக்காது, இல்லியா ஆசானே?"

ஆசான் உள்ளே போனாள். இரண்டு ஜாக்கிகளை எடுத்துவந்தாள். முன்னால் ஒரு பக்கத்து வீலையும், பின்னால் மறுபக்கத்து வீலையும் தரையைவிட்டுத் தூக்கினாள். மற்ற இரண்டு வீலுக்கும் கட்டை வைத்தாள். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணி, சின்ன லெவரை முன்னால் தள்ளி, கிளட்ச்சை விட்டாள்.

தூக்கிய இரண்டு வீலும் அந்தரத்தில் சுற்றின. தரையில் இருந்தவை அசையவே இல்லை.

எமல்டா சுற்றுகிற வீலையே பார்த்தாள்.

"அப்ப இதுவும் வழுக்கும்."

"வழுக்கும்."

"பின்ன எதுக்கு ஆசானே இவ்வளவு பாடு?"

"முன்னாடி ஒரு வீல் வழுக்கினா நின்னுது. இப்ப நிக்கணும்னா ரெண்டு வழுக்கணும்."

எமல்டாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆசான் வண்டியை நிறுத்தி ஜாக்கியை இறக்கினாள்.

மறுநாள் பட்டறை முற்றத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு ஒரு வட்டம் போடுங்க."

எமல்டா வட்டம் போட்டாள். ஈர மண்ணில் தடம் விழுந்தது.

"எது பெரிய வட்டம்?"

எமல்டா இறங்கி வந்து பார்த்தாள். "முன்வீல் போனது பெருசு. பின்வீல் உள்ளோடி வந்திருக்கு."

"ஃபோர் வீல் போட்டா ரெண்டையும் ஒண்ணாக் கட்டிருதோம். முன்னது கூடுதல் தூரம் போணும். பின்னது குறைய. ஆனா ரெண்டும் ஒரே சுத்துதான் சுத்தும். என்ன ஆவும்?"

"ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்கும்."

"சேத்துல இழுக்காது. கொஞ்சம் வழுக்கி அதுவே சரியாக்கிக்கிடும். சேறு விட்டுக்கொடுக்கும். தார் விட்டுக்கொடுக்காது. அதனால தாருக்கு வந்ததும் லெவரை எடுத்திரணும்."

"தாருக்கு வந்ததும் லெவரை எடுத்திரணும்," என்று எமல்டா மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் சொல்வதுபோலத் திருப்பிச் சொன்னாள்.

வண்டி மலைக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து, முன் ஆக்சிலில் ஆயில் கசிகிறதா என்று பார்க்க ஆசானும் மேலே போனாள். விடிந்ததிலிருந்து மழை. ராபின்சன் ஷீட் லோடோடு டவுனுக்குப் போயிருந்தான்.

ஆசான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது எமல்டாவின் கால்கள் ஓடி வருவது தெரிந்தது.

"பிள்ளைக்கு இழுக்கு, ஆசானே. வாயில மருந்து அடிச்சுட்டேன். நிக்கல."

ஆசான் வெளியே வந்தாள். ஜெனி அம்மாவின் தோளில் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய்வந்தது.

"நீங்க ஓட்டுங்க ஆசானே. நான் பிள்ளைய வச்சுக்கிடுதேன்."

"பாதை உங்களுக்குத்தான் தெரியும்," என்றாள் ஆசான். "பிள்ளைய எங்கிட்ட தாங்க."

எமல்டா தரவில்லை.

"அக்கா, பிள்ளைய வச்சுக்கிட்டு ஓட்ட முடியாது."

தந்தாள்.

பாதை செம்மண் குழம்பாகக் கிடந்தது. எமல்டா சின்ன லெவரை முன்னால் தள்ளினாள். முதல் இறக்கத்திலேயே வண்டியின் பின்பக்கம் ஒதுங்கிப் போயிற்று.

"வழுக்குது."

"வழுக்கட்டும். போய்க்கிட்டுதானே இருக்கு?"

முன்வீல்கள் இழுத்தன. வண்டி பக்கவாட்டில் சாய்ந்து, மறுபடி நேராகி, போன வருடம் நின்ற இடத்தையும் தாண்டிப் போயிற்று. எமல்டா மாதாவை அழைத்துக்கொண்டே ஓட்டினாள். பாதி மந்திரம் வாயில், பாதி கியரில்.

தார் ரோடு வந்தது.

"அக்கா, தார்."

"தெரியும்."

"லெவர்?"

"இருக்கட்டும் ஆசானே. இருக்கட்டும்."

ஆசான் அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளையை இன்னும் நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

மழை மலையுச்சியோடு சரி. இரண்டு வளைவு இறங்கியதும் ரோடு காய்ந்து கிடந்தது. மூன்றாவது வளைவில் ஸ்டியரிங் கனத்தது; எமல்டா இரண்டு கையாலும் இழுத்தாள். நான்காவதில் அது திரும்ப மறுத்தது. டயர் கீச்சென்றது. வண்டி வளைவோடு போகாமல் தடுப்புச்சுவரைப் பார்த்து நேரே போக, எமல்டா பிரேக்கை மிதித்தாள். சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

லெவரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"எடுக்க வரலியே."

"வராது. உள்ள முறுக்கிக்கிட்டு நிக்கு."

"இப்ப என்ன செய்ய?"

"பின்னால எடுங்க."

"பின்னாலயா? பிள்ளைக்கு மூச்சு..."

"மூச்சை நான் பாத்துக்கிடுதேன். ரிவர்ஸ் போட்டு, ஸ்டியரிங்கை நேரா வச்சு, மெதுவா மேல எடுங்க. முறுக்கு அவிழும்."

எமல்டா ரிவர்ஸ் போட்டாள். வண்டி முனகியபடி மேட்டில் பின்னால் ஏறியது. ஜெனி மூச்சுக்கு நடுவில் கையை நீட்டிக் காட்டினாள்.

"அம்மா... ஆஸ்பத்திரி... அங்க."

"தெரியும் மக்களே."

கண்ணைத் துடைக்கக் கை இல்லை. வண்டி ஒரு வண்டி நீளம் பின்னால் போனது. அடியில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம்.

"இப்ப எடுங்க," என்றாள் ஆசான்.

எமல்டா லெவரைத் தொட்டாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகக் கைக்கு வந்தது.

மற்ற வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்ப முடிந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் முகத்தில் மாஸ்க் வைத்து ஆவி மருந்து கொடுத்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியது. இரண்டாம் முறை கொடுத்த பிறகு ஜெனி மாஸ்க்கைத் தூக்கி, ரசவடை வேண்டும் என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் வராந்தாவில் உட்காரச் சொன்னாள்.

மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முற்றத்தில் வெயில் அடித்தது.

"நீங்க சொல்லித்தந்ததை மறக்கல ஆசானே," என்றாள் எமல்டா.

"மறக்கலன்னு தெரியும்."

"பின்ன ஏன் என்னைய ஏசல? லெவரை நீங்களே தட்டிவிட்டிருக்கலாமே."

"கை உங்க கைதானே?"

எமல்டா ஜெனியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"எடுத்தா வழுக்கிருமோன்னு ஒரு பயம்," என்றாள் பிறகு. "காஞ்ச ரோடுன்னு கண்ணு பாக்குது. கை கேக்கல."

ஆசான் தலையாட்டினாள்.

முற்றத்தில் ஒரு பூனை தன் குட்டிகளோடு படுத்திருந்தது. ஜெனி பெஞ்சிலிருந்து இறங்கினாள். இரண்டு அடிக்கு மேல் போக முடியவில்லை. அவளுடைய மணிக்கட்டு அம்மாவின் கையில் இருந்தது.

"விடும்மா. குட்டியைப் பாக்கணும்."

"வெயிலு. இங்கேயே இருந்து பாரு."

"இங்கேருந்து தெரியல. விடும்மா."

ஜெனி இழுத்தாள். எமல்டா பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள். அது அமைதியாக ஏறி இறங்கியது. தன் கையைப் பார்த்தாள். பிறகு ஆசான் பக்கம் திரும்பினாள்.

"எப்ப விடணும்னு எப்படி ஆசானே தெரியும்?"

எதை என்று ஆசான் கேட்கவில்லை.

"கையில கனக்கும், அக்கா."