சிவசைலத்தின் இடது கால்

சிவசைலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, காலை முதல் பஸ்ஸில். உள்ளே பாதிக்கு மேல் காலி. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இடம் கெடக்குல்லா, உக்காரும்" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். சிவசைலம் சிரித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

ஒரு வாரம் முன்பென்றால் அதையும் நடிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன்.

மனைவி போன பிறகு, ஐம்பத்து மூன்றாவது வயதில் நான் ஒரு சைவ மடத்தில் சேர்ந்தேன். மடத்தின் தலைவர் குருசாமி என்னைவிட எட்டு வயது இளையவர். சிவசைலம் அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பதிகம் ஓதுகிறவர். வேறு வீடு கிடையாது. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓத முடியாதவர் மடத்தில் தங்கக் கூடாது என்பது பழைய விதி. பஸ் ஏறுவதற்கு முந்தைய மாதம் அவர் பத்து நிமிஷம்தான் உட்காருவார். பிறகு இடது காலைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"ஓதுறதுக்குத்தான் கால் வலி. குளத்தைச் சுத்தும்போது குதிரைல்லா" என்றார் சமையல்கார ஆவுடையப்பன்.

நான் குருசாமியிடம் போனேன்.

"சாமி, அவரு நடிக்காரு. விதிப்படி அனுப்பிரலாம்."

"எப்படித் தெரியும்?"

"நடக்க முடியுது, உக்கார முடியாதா?"

"நாலு நாள் அவர் பின்னாலயே இரும். பார்த்ததை ஒண்ணு விடாம வந்து சொல்லும். அப்புறம் அனுப்பலாம்."

சந்தோஷமாகப் போனேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். அவர் பாய்க்குப் பக்கத்தில் பாய் விரித்தேன். ஐந்தாம் நாள் காலை குருசாமி முன்னால் நின்றேன்.

"உக்காந்தாத்தான் வலிக்குமாம். எந்திரிச்சு நாலடி வச்சா குறையுமாம். வசதியான வலி, சாமி."

"கை எங்க போகுது?"

"இடது பக்கம் இடுப்புக்குக் கீழ, பிட்டத்துல ஆரம்பிக்குது. தொடைக்குப் பின்னால, கெண்டைக்கால், சுண்டுவிரல். கரண்டு அடிச்ச மாதிரி இறங்குதாம்."

"நாலு நாளும் அதே வழியா?"

"அதே வழிதான். நல்லா மனப்பாடம் பண்ணியிருக்காரு."

"வலது கால்?"

"அதைத் தொடுறதே இல்ல."

நான் அடுத்த சாட்சிக்குப் போனேன்.

"முந்தாநாள் ஆவுடையப்பன் மிளகாய் வறுத்தாரு. நெடி பின்கட்டு வரைக்கும் வந்துச்சு. இவரு தும்மல் வர்றதுக்கு முன்னாலயே ஓடிப் போய்த் தூணைப் பிடிச்சிக்கிட்டாரு. தும்மினதும் 'ஐயோ'ன்னு காலைத் தூக்குனாரு. தும்மினா மூக்கு வலிக்கலாம் சாமி, கால் வலிக்குமா?"

"அங்க வேற யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நான் கதவுக்குப் பின்னால இருந்தேன். அவருக்குத் தெரியாது."

"அப்ப யாருக்காக நடிச்சாரு?"

 நான் விடவில்லை. பெரிய சாட்சியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"நேத்து சாயங்காலம் இடது செருப்பு கழண்டு விழுந்துட்டு. அவருக்குத் தெரியல. நெருஞ்சிக்குள்ள பத்தடி நடந்தாரு. முகம் சுளிக்கல. வலிக்கிற காலா அது?"

குருசாமி எழுந்துவிட்டார்.

"முள்ளு தச்சுதா?"

"மூணு. எண்ணினேன்."

"எடுத்து விட்டீரா?"

"இல்ல."

கூடத்தில் சிவசைலம் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். குருசாமி அவர் காலடியில் உட்கார்ந்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

"என்ன சாமி பண்ணுதீங்க?" என்றார் சிவசைலம். முள் இருந்ததே அவருக்குத் தெரியவில்லை.

"எத்தனை நாளா மரத்திருக்கு?"

"ஒரு வாரம் இருக்கும். வலிக்குன்னு சொன்னதையே யாரும் நம்பல. மரத்துப்போச்சுன்னு வேற எப்படிச் சொல்ல?"

"மூத்திரம் தடையில்லாமப் போகுதா? அடக்க முடியுதா? இன்னொரு கால் தளருதா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு, சாமி."

"அப்ப நாளை வரைக்கும் பொறுக்கலாம். கோளாறு கால்ல இல்ல. இடுப்புல நரம்பு நசுங்கியிருக்கும். காலைல முதல் பஸ்ல பெரியாஸ்பத்திரிக்குப் போயிரும். ராத்திரி மூத்திரம் நின்னாலோ மத்த காலும் மரத்தாலோ உடனே என்னை எழுப்பும்."

வெளியே வந்ததும் கேட்டேன்.

"சாமிக்கு முதல்லயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது."

"பிறகு என்னை ஏன் அனுப்புனீங்க?"

"நாலு நாள் கண்ணெடுக்காம அவரைப் பார்க்க, இங்க வேற யாருக்கு வேய் ஆசை இருந்தது?"

சிவசைலத்துக்குக் கால் தேறியது. திரும்பி வருவதாகக் கார்டு போட்டார். வருவதற்குள் விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவர் நின்றுகொண்டே ஓதட்டும் என்று, கூடத்துச் சுவரில் மார்பளவு உயரத்தில், பதிகப் புத்தகம் வைக்க நான் ஒரு பலகை அடித்து வைத்திருந்தேன். அது இன்னும் இருக்கிறது.