சாரைப்பாம்பும் 'எல்லா' என்ற சொல்லும்

அந்தக் காலத்தில் மனிதர்களும் விலங்குகளும் ஒரே மொழி பேசினார்கள். அந்த மொழியில் 'எல்லா' என்ற சொல்லும் இல்லை, 'சில' என்ற சொல்லும் இல்லை. "முயல் நனைந்தது" என்று சொல்லலாம். "மழை பெய்தால் ஆறு பெருகும்" என்று இரண்டைச் சேர்த்தும் சொல்லலாம். கேட்டவர்கள் உண்மை என்பார்கள், அல்லது பொய் என்பார்கள். பத்துப் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பத்துத் தடவைதான் சொல்ல வேண்டும்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையை உடைத்தது. வெள்ளத்தை முதலில் பார்த்தது நாரை.

"மானே, மேட்டுக்கு ஓடு! முயலே, மேட்டுக்கு ஓடு! கீரியே, மேட்டுக்கு ஓடு!"

அது பாதிப் பேரைக் கூப்பிடுவதற்குள் மீதிப் பேரைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. நாணலுக்குள் இருந்த அதன் சொந்தக் குஞ்சுகளின் முறை வரவே இல்லை.

நாரை பல நாள் இரை எடுக்கவில்லை. பிறகு இரண்டு புதுச் சொற்களோடு வந்தது.

"இனிமேல் 'எல்லா உயிரும் ஓடுங்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் கவனம். ஒரே ஒருவர் விலகி நின்றாலும் 'எல்லா' பொய்யாகிவிடும். அப்போது 'சில' என்றுதான் சொல்ல வேண்டும்."

அடுத்த வெள்ளத்தில் ஓர் எலிக்குஞ்சுகூடச் சாகவில்லை. ஊரே நாரையைக் கொண்டாடியது.

அந்த ஊரில் உலகம்மாள் என்று ஓர் உழவுப் பெண் இருந்தாள். அவள் வைக்கோல் போரில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. எலிகளைத் தின்று அவள் நெல்லைக் காத்தது. அவளுடைய ஏழு வயது மகள் பூவாயி அதன் வாலைப் பிடித்து விளையாடுவாள்.

அறுவடை நேரத்தில் வரப்பில் நடந்த பூவாயியைக் கட்டுவிரியன் கடித்தது. பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

புதைத்துவிட்டு வந்த உலகம்மாள் உலக்கையை எடுத்துக்கொண்டு வைக்கோல் போருக்குப் போனாள்.

"எல்லாப் பாம்பும் கொல்லும்" என்றாள்.

சாரை ஓடவில்லை. "உலகம்மா, நானும் பாம்புதான். எனக்கு நஞ்சு இல்லை. உன் பிள்ளை என் மேல் படுத்துத் தூங்கியிருக்கிறாள். நீ சொல்வது பொய் என்பதற்கு நான் ஒருத்தி போதாதா?"

நாரை பறந்து வந்து இறங்கியது. "அது சொல்வது சரி, தாயே. 'சில பாம்பு' என்று சொல்."

"எந்தச் சில? கடித்த பிறகு தெரிந்து என்ன செய்ய?" என்று கேட்டாள் உலகம்மாள். "உன் சொல்தானே இது? நல்ல சொல்தான்."

உலக்கை இறங்கியது. சாரை பேசிய வாயோடு நசுங்கிப்போனது. அந்த வருஷம் எலிகள் நெல்லைத் தின்றன. உலகம்மாள் அதற்காக வருத்தப்படவில்லை. வருத்தப்பட அவளிடம் வேறு இருந்தது.

அன்று முதல்தான் சாரை நம் காலடிச் சத்தம் கேட்டதும் ஓடுகிறது. நாமும் யாராவது "பாம்பு" என்று கத்தினால், என்ன பாம்பு என்று கேட்காமல் கம்பைத் தேடுகிறோம்.