சமையற்கட்டுக்கு ஆள் பிடித்த நாகலிங்கம்

மஞ்சணாபுரத்து ராஜா கோவிந்த பூபதிக்கு எதிரிகள் தொல்லை கிடையாது. சமையல்காரர்கள் தொல்லைதான். நல்ல கைப்பக்குவத்தோடு ஒருவன் வந்து சேருவான். ராஜா ருசி கண்டு நாக்கைச் சப்புக்கொட்டுவதற்குள் ஆள் ஓடிப்போயிருப்பான்.

அன்றைக்கு ஓடியவன் பெயர் வீரபாகு. கோட்டை வாசலில் பிடித்து, கையைக் கட்டி, சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவன் மனைவியும் பின்னாலேயே அழுதுகொண்டு வந்து நின்றாள்.

அரண்மனை மணியக்காரர் செங்கல்வராயர் குதித்தார். சமையற்கட்டு அவர் பொறுப்பு. "உண்ட வீட்டுக்குத் துரோகம் செய்தவன், மகாராஜா! மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிக் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் துரத்த வேண்டும்!"

ராஜாவுக்குக் கோபத்தைவிட வருத்தம் அதிகம். "என்னிடம் வேலை செய்வதில் இவர்களுக்கு என்ன குறை? கேட்டுவிடலாமே" என்றார்.

சமையற்கட்டு ஆட்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்கள். மணியக்காரர் கையில் பிரம்போடு முன்னால் நின்றார். "யாருக்காவது குறை உண்டா? தைரியமாகச் சொல்லுங்கள்!" என்று கேட்டுப் பிரம்பை ஒரு வீசு வீசினார்.

"மகாராஜா புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க!" என்றார்கள் அத்தனை பேரும் ஒரே குரலில்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து விகடம் நாகலிங்கம் களுக்கென்று சிரித்துத் தொலைத்தார். சபையில் வாய்த்துடுக்குக்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் அவர்.

"என்ன சிரிப்பு?"

"பஜனை நன்றாக இருந்தது, மகாராஜா. யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தேன்."

"அப்படியானால் இவர்களுக்குக் குறை இருக்கிறது என்கிறீரா? நிரூபியும். ஆனால் யாரிடமும் குறை என்னவென்று நீர் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வீரபாகுவோடு அதே கழுதையில் நீரும் போகலாம்."

"கழுதை பாவம், மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார் நாகலிங்கம்.

மறுநாள் ராஜாவிடம் அனுமதி வாங்கித் தண்டோரா போட்டார். நவராத்திரி வருகிறது, அரண்மனைக்கு ஆள் வேண்டும். வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் தாம் பார்க்கும் அதே வேலைக்கு ஓர் ஆளைக் கூட்டிவரலாம். சம்பளம் எல்லோருக்கும் ஒன்றே. சேர்ந்தவர் ஒரு வருஷத்துக்கு விலக முடியாது.

வெள்ளிக்கிழமை காலை அரண்மனை முற்றம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. முதலில் யானைக் கொட்டாரத்து ஆட்கள் வந்தார்கள்.

"இவன் யாரப்பா?" என்று ஒரு பாகனைக் கேட்டார் ராஜா.

"என் தங்கச்சி மாப்பிள்ளைங்க. தங்கமான புள்ள."

அடுத்தவன் மகனைக் கூட்டிவந்திருந்தான். அதற்கடுத்தவன் மச்சானை. இன்னொரு பாகன் இரண்டு தம்பிகளில் யாரைக் கூட்டிவருவது என்று முடிவாகாமல் இருவரையும் இழுத்துவர, அவர்கள் முற்றத்திலேயே அடித்துக்கொண்டார்கள். ராஜாவுக்குப் பரம சந்தோஷம்.

பிறகு சமையற்கட்டு ஆட்கள் வந்தார்கள். மாவாட்டுகிற ராக்காயி, சிடுசிடுத்த முகத்தோடு இருந்த ஓர் அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"இது யாரம்மா?"

"என் நாத்தனாருங்க. கல்யாணத்தன்னிக்கு எங்கப்பன் வச்ச சீரைப் பாத்து உதட்டைச் சுழிச்சவ."

"அவளுக்கா அரண்மனை வேலை வாங்கித் தருகிறாய்?"

"ஒரு வருஷத்துக்கு விடமாட்டீங்கதானே, சாமி?" என்றாள் ராக்காயி ஆசையாக.

காய்கறி நறுக்குகிறவன் கூட்டிவந்தது பக்கத்து வீட்டுக்காரனை. தினமும் இவன் வாசலில் மாட்டைக் கட்டுகிற ஆசாமி. "திடீர்னு என் மேல இவ்ளோ பாசம் எப்படிய்யா வந்துச்சு?" என்று அந்த அப்பாவி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான். பாத்திரம் தேய்ப்பவன் கூட்டிவந்தது, தன் நிலத்து வரப்பை வெட்டியவனை.

ராஜாவின் முகம் சுருங்கியது.

"எல்லாம் முட்டாள்கள், மகாராஜா!" என்று பாய்ந்து வந்தார் செங்கல்வராயர்.

"சரி, நீங்கள் புத்திசாலி" என்றார் நாகலிங்கம். "உங்கள் வேலைக்கும் ஓர் ஆள் வேண்டும், மணியக்காரரே. யாரைச் சொல்கிறீர்கள்?"

செங்கல்வராயருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "உன்னைத்தான் போட வேண்டும்! ராஜா எப்போது சாப்பிட வருவார் என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நில்! அவர் சாப்பிடாமல் சமையற்கட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை போடக் கூடாது. அவர் சொக்கட்டான் ஆடிவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். சாதம் ஆறிவிட்டது என்று திட்டுவார். நின்று பார், அப்போது தெரியும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் குறை கேட்கவே இல்லை, மகாராஜா" என்றார் நாகலிங்கம் பவ்வியமாக. "ஆள்தான் கேட்டேன்."

ராஜாவின் தாத்தா காலத்து வழக்கம் அது. தாத்தா உச்சிவேளைக்கு மணியடித்தாற்போல் சாப்பிட்டவர். தாம் சொக்கட்டான் ஆடும்போது இத்தனை வயிறுகள் காய்கின்றன என்பது ராஜாவுக்குத் தெரியவே தெரியாது. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"வீரபாகுவை அவிழ்த்துவிடுங்கள்" என்றார். "இன்று முதல் சமைத்தவர்கள் பசித்தபோது சாப்பிடட்டும். நான் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. மணியக்காரரே, அந்தப் பிரம்பை அடுப்பில் வையும்."

வீரபாகுவின் மனைவி ஓடிப்போய்த் தானே கட்டை அவிழ்த்தாள். காவலாள் கைக்காக அவள் காத்திருக்கவில்லை.

ராஜாவுக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. "நாகலிங்கம், யானைக் கொட்டாரத்திலும் இதே வழக்கம்தானே? யானை சாப்பிடாமல் பாகன் சாப்பிடக் கூடாது. சம்பளமும் ஒன்றுதான். அங்கே மட்டும் ஏன் மச்சானையும் மாப்பிள்ளையையும் கூட்டிவருகிறார்கள்?"

நாகலிங்கம் கைகட்டி, குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யானை நேரத்துக்குச் சாப்பிட்டுவிடுகிறது, மகாராஜா."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதைப் பிடித்துக்கொண்டே கழுத்து ஆரத்தைக் கழற்றி நாகலிங்கத்தின் மேல் போட்டுவிட்டு, நேராகச் சாப்பிடப் போனார்.