கிளட்ச் ஒழுகிய வண்டியும் டாக்டரம்மா வாங்கிய சத்தியமும்

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. என் பதிலைப் படிக்கும் முன்னால் உங்கள் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் தாமோதரனும் அவன் மனைவி பூங்கோதையும் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்திவந்தார்கள். இருவருக்குமே வேலை தெரியும். மலைமேல் இருக்கும் ஊர்களுக்குப் போய் மாடு பார்க்கும் கால்நடை மருத்துவர் ஜெமிலா, தன் வண்டியை அவர்களிடம்தான் விடுவார். அது கொஞ்சம் பெரிய வண்டி. அதன் கிளட்சுக்குக் கேபிள் கிடையாது. லீவரை அழுத்தினால் ஒரு குழாய்வழியாகத் திரவம் கீழே இறங்கி, எஞ்சின் பக்கத்தில் உள்ள சின்ன சிலிண்டரைத் தள்ளும். அதுதான் கிளட்சைப் பிரித்துவிடும்.

ஒருநாள் ஜெமிலா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. மலைவளைவில் எதிரே பேருந்து வர, நிறுத்துவதற்காகக் கிளட்சைப் பிடித்திருக்கிறார். லீவர் பஞ்சுபோல் உள்ளே போய்விட்டது. வண்டி ஒரு துள்ளு துள்ளிக் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றிருக்கிறது. சுவருக்கு அப்பால் பள்ளம்.

தாமோதரன் குனிந்து பார்த்தான். கீழ் சிலிண்டரைச் சுற்றி ஈரம். திரவம் பட்ட இடத்தில் பெயின்ட் கொப்பளித்து உரிந்திருந்தது.

"உள்ள இருக்குற ரப்பர் சீல் கிழிஞ்சிருக்குங்க. மேல எவ்வளவு ஊத்தினாலும் கீழ ஒழுகும். ஒவ்வொரு தடவை லீவரை அழுத்துறப்பவும் கொஞ்சம் வெளிய தள்ளிவிட்டுரும். சேலத்துலருந்து புதுச் சீல் வரணும்."

ஜெமிலா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, எனக்கு என்னைப் பத்தித் தெரியும். மாடு கஷ்டப்படுதுன்னு போன் வந்தா எனக்குப் புத்தி நிக்காது. நானே வந்து கெஞ்சினாலும், சரிபண்ணாம இந்த வண்டியை என்கிட்ட கொடுக்கக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

இருவரும் சத்தியம் செய்தார்கள்.

சீல் வந்து சேருவதற்குள் போன் வந்துவிட்டது. மலைமேல் சீரங்கன் என்பவரின் பசுவுக்குப் பிரசவம். கன்றின் முன்னங்கால் மடங்கி உள்ளே சிக்கிக்கொண்டது. அவர் குடும்பத்துக்கு அந்த ஒரு மாடுதான். மருத்துவமனை ஜீப் வேறு ஊருக்குப் போயிருந்தது. பேருந்தும் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. ஜெமிலா மருந்துப்பையோடு பட்டறைக்கு ஓடிவந்தார். அங்கே நின்ற மற்ற வண்டிகள் எல்லாம் பிரித்துப் போட்டவை.

"அண்ணா, சாவியைக் கொடுங்க."

"தரமாட்டேங்க."

"அன்னிக்கு வேண்டாம்னு சொன்னவ நான்தானே? இன்னிக்கு வேணும்னு கேக்குறதும் நான்தான்!"

"நீங்க இப்படிக் கேப்பீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான் தாமோதரன். "சந்தையில ஏதாச்சும் ஜீப் நிக்கும். பிடிச்சுட்டு வர்றேன், இருங்க." சொல்லிவிட்டு ஓடினான்.

ஜெமிலாவின் கைபேசி மறுபடியும் அடித்தது. பசு படுத்துவிட்டதாம். அவர் அழுவதைப் பூங்கோதையால் பார்க்க முடியவில்லை. லீவர் பக்கத்தில் இருந்த குப்பியில் திரவம் ஊற்றினாள். லீவரை அழுத்தி அழுத்தி, கீழே திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினாள். லீவர் கெட்டிப்பட்டது. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"உங்ககிட்ட கொடுக்கமாட்டோம்னுதானுங்க சத்தியம். நான் ஓட்டுறேன். பின்னால ஏறுங்க."

முதல் வளைவுகளில் வண்டி நன்றாகத்தான் ஏறியது. மலையில் ஒவ்வொரு வளைவுக்கும் கியர் மாற்றவேண்டும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் லீவரை அழுத்தவேண்டும். பாதி மலையில், வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று எதிரே திரும்பியது. பூங்கோதை லீவரைப் பிடித்தாள். அது செத்துக் கிடந்தது. வண்டி உதறி அணைந்து பின்னால் நழுவியது. பிரேக்கை இறுக்கி, இருவரும் காலை ஊன்றி, எப்படியோ நிறுத்தினார்கள். ஜெமிலாவுக்கு முழங்கால் சிராய்த்தது.

வளைவுக்குக் கீழே ஹாரன் கேட்டது. ஜீப். முன்னால் தாமோதரன். பட்டறையில் ஆளையும் காணோம், வண்டியையும் காணோம் என்றதுமே அவனுக்கு விஷயம் புரிந்திருந்தது. மனைவியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தான். திட்டவில்லை.

"டாக்டரம்மா, ஏறுங்க."

ஜெமிலா போய்ச் சேர்ந்தபோது பசு தலையைக்கூடத் தூக்கவில்லை. கன்றை உள்ளே தள்ளி, மடங்கிய காலை நிமிர்த்தி, வெளியே இழுத்தார். கிடேரிக்கன்று. மூக்கில் வைக்கோலால் குத்தியதும் தும்மியது. தாயும் பிழைத்தது.

அன்று மாலை பேருந்தில் சீல் வந்தது. மலையிலிருந்து வண்டியைத் தள்ளி இறக்கிக்கொண்டு வந்திருந்த கணவனும் மனைவியும் சிலிண்டரைக் கழற்றித் துடைத்து, சீலை மாற்றினார்கள். முடிக்கும்போது பூங்கோதை கேட்டாள்: "ஜீப் கிடைக்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" தாமோதரன் லீவரை இன்னொருமுறை அழுத்திப் பார்த்தான்.

தான் வாங்கிய சத்தியத்தைத் தானே திருப்பிக் கேட்டார் ஜெமிலா. அதை விடாமல் பிடித்துக்கொண்டான் தாமோதரன். சொல்லை மீறாமல் வழி கண்டுபிடித்தாள் பூங்கோதை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தாமோதரன். ஜெமிலா கேட்டதில் குற்றம் இல்லை. ஓர் உயிருக்காகப் பதறுகிறவர் கேட்கத்தான் செய்வார். அந்தப் பதற்றத்துக்கு எதிராகத்தான் நிதானமாக இருந்தபோது சத்தியம் வாங்கிவைத்தார். பூங்கோதையின் மனம் பெரியது. ஆனால் அவள் காப்பாற்றியது சத்தியத்தின் வார்த்தையை மட்டும்தான். ஒருவருக்கு வரவிருந்த ஆபத்தை இருவருக்கு ஆக்கினாள். காத்திருந்தாலும் அதே ஜீப்பில் அதே நேரத்துக்குத்தான் மருத்துவர் போய்ச் சேர்ந்திருப்பார். ஜீப் கிடைக்காமல் போயிருந்தால்? கன்றும் பசுவும் செத்திருக்கக்கூடும். அப்போதும் தாமோதரன் செய்தது சரிதான் என்பேன். ஆனால் அதற்குப்பின் சீரங்கன் வீட்டுப் பக்கம் போக அவனுக்குக் கால் வந்திருக்காது.