எறும்புகள் மீசை உரசும் கதை

எறும்பும் எலியும் பூசணிக்கொடியும் ஒரே பாஷை பேசிய காலம் அது. எறும்புகள் வயலில் நெல் பொறுக்கி, வாய்க்காலைத் தாண்டிப் புற்றுக்குப் போக வேண்டும். தாண்ட இரண்டே பாலங்கள். கிழக்குப் பாலம் பெருச்சாளிக்குச் சொந்தம், மேற்குப் பாலம் வெள்ளெலிக்கு.

கடுகாயி என்ற எறும்பு ஒரு நெல்லைக் கவ்விக்கொண்டு கிழக்கே போனாள். வானம் கருத்திருந்தது. மழைக்குமுன் நெல் சேராவிட்டால் புற்றிலுள்ள குஞ்சுகளுக்குப் பட்டினிதான்.

"பாதி நெல்லை வச்சிட்டுப் போ" என்றது பெருச்சாளி. "பிடிக்கலையா? மேற்குப் பாலம் இருக்கே, யாரு உன் கையைப் பிடிச்சு இழுத்தா?"

நியாயம்தானே என்று கடுகாயி மேற்கே திரும்பினாள். பாவம், நடுவழியில் அவள் புற்றுத் தோழி மிளகி எதிரே நெல்லோடு வந்தாள், கிழக்குப் பாலத்தைத் தேடி! வாயில் இரை இருந்தால் பேசக்கூடாது என்பது எறும்புக் குலத்தின் கட்டுப்பாடு. கடுகாயி வழக்கம்போல் தலையாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டியவள்தான். குஞ்சுகளின் நினைப்பு விடவில்லை. நின்று, மிளகியின் மீசையைத் தன் மீசையால் தொட்டாள். என்ன ஆச்சரியம், வாய் திறக்காமலே பேச்சு வந்தது!

"அங்கே எவ்வளவுடி?"

"பாதி. பிடிக்கலைன்னா கிழக்கே போங்கிறான்."

"இவனும் அதையேதான் சொன்னான்!"

"சொல்லமாட்டானா? ரெண்டு பேரும் மாமன் மச்சான். ஒரே வளையிலதான் நெல்லைக் கொட்டுறாங்க. ஏன்னு இப்பத்தான் புரியுது."

இருவருக்கும் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. நெல்லை இறக்கி வைத்துவிட்டு, கரையில் படுத்திருந்த பூசணிக்கொடியிடம் போனார்கள்.

"அக்கா, கொஞ்சம் எட்டி அக்கரையைத் தொடேன். உன் பூவில் புழு ஏறாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

சும்மா கிடந்த கொடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. நெளிந்து நீண்டு அக்கரை வேலியையே பிடித்துக்கொண்டது.

சேதி மீசைக்கு மீசை தாவியது. எறும்புகள் முழு நெல்லோடு கொடிமேல் ஊர்வலம் போயின. பாலத்துக்காரர்கள் பதறினார்கள்.

"கால் பங்கு போதும்!" என்றது பெருச்சாளி.

"எனக்கு உமி போதும்!" என்றது வெள்ளெலி.

"என்ன மச்சான், என்னைவிடக் குறைச்சுக் கேட்கிறே?"

"நீதான் முதல்லே குறைச்சே!"

மாமனும் மச்சானும் கட்டிப் புரள, எறும்புகள் இரண்டு பாலத்திலும் இலவசமாகவே போய்வந்தன. முதல் தூறல் விழும்போது புற்று நிறைந்திருந்தது, குஞ்சுகளின் வயிறும்தான்.

அன்றைக்குத் தொற்றிய பழக்கம் இன்றும் விடவில்லை. எதிரெதிரே வரும் எறும்புகளைப் பாருங்கள். எத்தனை அவசரமானாலும் ஒரு கணம் நின்று, மீசையோடு மீசை உரசி, "அந்தப் பக்கம் எவ்வளவு கேட்கிறான்?" என்று விசாரித்துவிட்டுத்தான் போகும்.