விடுபானையில் விழுந்த மாத்திரை

எங்கள் மடத்து வாசலில் ஒரு பானை இருக்கிறது. விடுபானை என்போம். எதை விடமுடியாமல் தவிக்கிறோமோ, அதை அதில் போட்டுவிட வேண்டும். பீடிக்கட்டு, மூக்குப்பொடி டப்பா, செல்போன் எல்லாம் அதில் விழுந்திருக்கின்றன.

அன்றைக்கு மடமே அமளிதுமளி. பெரு நாட்டுக்குப் போய்வந்த பொன்னுரங்கம் அந்த ஊர்ப் பூசாரிகள் குடிக்கக் கொடுக்கும் கள்ளியைக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தான். சாறு அண்டாவில் கொதித்தது. குடித்தால் சாமியே நேரில் வந்து பேசும் என்று ஒரே பேச்சு. எனக்கும் கால் தரையில் பாவவில்லை, ஏன் பொய் சொல்ல?

முதல் ஆளாக டம்ளரை நீட்டி வாங்கியவர் நாச்சிமுத்து. மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். சம்சாரம் போனபிறகு மனசு ஒடிந்து, டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் எழுந்து நடமாடினார். அதைத் திருநீற்றுச் சம்புடத்துக்குள் ஒளித்து வைத்திருப்பார். பக்கத்துப் பாயில் படுக்கிறவன், எனக்குத் தெரியும்.

டம்ளர் வாய்க்குப் போகிற நேரம், மடத்தை நடத்தும் எங்கள் சாமி உள்ளே வந்தார். சாமிக்கு நாச்சிமுத்துவின் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் சொல்லுக்கு மடத்தில் மறுசொல் கிடையாது. கையில் ஒரு மாத்திரை அட்டை.

"இதைப் பானையில போட்டது யாரு?"

"நான்தானுங்க சாமி!" நாச்சிமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. "காலையில போட்டேன். இனித் தொடமாட்டேன்!"

"டம்ளரைக் கீழ வைங்கண்ணா."

அவர் வைக்கவில்லை. சாமி பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"மனசு நோவுக்கு மாத்திரை தின்கிறவங்க இதைக் குடிக்கலாமா?"

"ஐயய்யோ! அங்க பூசாரி முதல்ல கேக்கறதே அதைத்தானுங்க. சில மாத்திரையோட சேந்தா ரத்தக்கொதிப்பு எகிறிரும், வலிப்பு வரும், உசுருக்கே ஆபத்து. நானும் இவருகிட்டக் கேட்டனே! ஒண்ணுமில்லைன்னாரு."

"பொய் சொல்லலீங்க சாமி. அவன் கேட்டப்ப எங்கிட்ட ஒண்ணுமில்லை. எல்லாம் பானையில கிடந்துச்சு."

நாங்கள் குபீரென்று சிரித்துவிட்டோம். சாமி சிரிக்கவில்லை.

"மோர்ச்சட்டியை எடுத்துட்டு வாங்கண்ணா."

ஒரு கையில் டம்ளர், மறுகையில் சட்டி என்று வந்து நின்றார்.

"மோரைக் கொட்டுங்க."

கொட்டினார்.

"இப்ப அதுல மோர் இருக்குதா?"

"சொட்டு இல்லீங்க."

"பாலை ஊத்தி அடுப்புல வைங்க."

எல்லாரும் அடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டோம். பால் சூடேறியது. பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரிந்து, தண்ணீர் தனியாக நின்றது.

நாச்சிமுத்து சட்டியையே பார்த்தார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"காலையிலதானுங்களே விட்டேன்..."

நாச்சிமுத்து தானாகவே டம்ளரோடு கொல்லைக்குப் போய் வாழைத்தூரில் சாற்றைக் கொட்டினார். அப்பாடா! என் நெஞ்சு அதற்குப்பிறகுதான் அடங்கியது. அண்டாப் பக்கம் வேறு யாரும் போகவில்லை.

திரும்பி வந்தவர் மெல்லக் கேட்டார்.

"அப்ப இந்தச் சனியனை எப்பத்தான் விடறதுங்க சாமி?"

"எனக்குத் தெரியாதுங்கண்ணா. எழுதிக் குடுத்த டாக்டரைக் கேளுங்க."

சாமி மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தார். நாச்சிமுத்து வழக்கம்போல இடுப்பிலிருந்து சம்புடத்தை எடுத்தார். எங்களை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அட்டையை மடித்து அதற்குள் நுழைக்கப் போனார்.

சாமி வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"மாத்திரை கையிலயே இருக்கட்டுங்கண்ணா. சம்புடத்தைப் பானையில போடுங்க."